புது லேப்டாப், ஸ்லோ டிவிடி ரைட்டர்: பர்ஸைத் திறக்காதீங்க, முதல்ல கடிகாரத்தைப் பாருங்க



லேப்டாப் இ.எம்.ஐ பத்தி நம்ம சேனல்ல பேசினதுக்கு அப்புறம் பல பேர் ஒரே மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. "புது லேப்டாப் வாங்கிட்டேன். அதுல டிஸ்க் போடுற இடமே இல்லை, அதனால தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டர் வாங்கினேன். ஒரு டிஸ்க் எழுத அரை மணி நேரம் ஆகுது. ரைட்டரை மாத்திடட்டுமா? வேகமான மாடல் எது?"

பதில் ஒரே வரிதான்: இப்போதைக்கு மாத்தாதீங்க.

"இந்தக் காலத்துல யாருங்க டிவிடி எழுதுறாங்க"னு சிலருக்குச் சிரிப்பு வரும். வார நாள்ல ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடியோன்னு ஓடுற பசங்க எழுதுறாங்க. வக்கீல் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க, வீடியோ ஆதாரத்தை சிடியில கொடுக்கணும்னு எழுதுறாங்க. ஊர்ல அப்பா அம்மா வீட்டு டிவி பக்கத்துல இன்னும் டிவிடி பிளேயர் இருக்கு, தங்கச்சி கல்யாணத்தை அதுலதான் பார்ப்பாங்க. இவங்களுக்கெல்லாம் இது சிரிப்பு இல்லை, மாசக் கடைசியில இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் விஷயம். அதனாலதான் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல ரைட்டர் ரிப்பேர் பத்தி எழுதுறேன்.

என் கருத்து இதுதான். ஒரு டிஸ்க் எழுதுறதுங்கிறது ஒரு சங்கிலி மாதிரி. ஃபைல் இருக்கிற இடம், சாஃப்ட்வேர், யு.எஸ்.பி போர்ட், கேபிள், ரைட்டர், கடைசியா டிஸ்க். இதுல எது மெதுவோ அதோட வேகம்தான் மொத்த வேகம். பெரும்பாலும் மாட்டிக்கிறது ஒரு செட்டிங், ஒரு கேபிள், இல்லைன்னா இருபது ரூபாய் டிஸ்க். ஆனா நாம காசு கொடுத்து மாத்துறது சங்கிலியிலேயே விலை அதிகமான பொருளை. எந்த ரிப்பேரா இருந்தாலும் காசே செலவாகாத சோதனையை முதல்ல முடிக்கணும், அப்புறம் இருபது ரூபாய் சோதனை, அதுக்கும் அப்புறம்தான் பெரிய நோட்டு.

மெதுவுன்னா எவ்வளவு மெது?

"ஸ்லோ"ங்கிறது ஒரு மனக்குறை. அதை நிமிஷமா மாத்துங்க. மொபைல்ல ஸ்டாப்வாட்ச் ஓட விட்டு ஒரே ஒரு டிஸ்க் எழுதிப் பாருங்க.

கணக்கு சுலபம். டிவிடியில 1எக்ஸ் வேகம்னா ஒரு விநாடிக்கு 1.385 எம்பி. ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபி. 1எக்ஸ் வேகத்துல முழு டிஸ்க் எழுத கிட்டத்தட்ட 57 நிமிஷம் ஆகும். 4எக்ஸ்னா பதினாலு, பதினைந்து நிமிஷம். 8எக்ஸ்னா பேப்பர் கணக்குல ஏழு நிமிஷம். (சிடியோட 1எக்ஸ் வேற. அது விநாடிக்கு வெறும் 150 கேபி. டிவிடி 8எக்ஸை சிடி 24எக்ஸோட ஒப்பிட்டு "சிடியே வேகமா இருக்கே"ன்னு யோசிக்காதீங்க.)

இப்போ முக்கியமான விஷயம். நீங்க வாங்கின டிஸ்க் டப்பா மேல 16எக்ஸ்னு பெருசா போட்டிருக்கும். அது அந்த டிஸ்க் தாங்குற வேகம், உங்க ரைட்டர் ஓடுற வேகம் இல்லை. லேப்டாப்புக்கு வர்ற ஒல்லியான ரைட்டர்கள், உள்ளே இருக்கிறதோ வெளியே மாட்டுறதோ, பொதுவா 8எக்ஸ்தான். 16எக்ஸ், 24எக்ஸ் எல்லாம் டெஸ்க்டாப்ல வர்ற பெரிய ரைட்டர் சமாச்சாரம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அஞ்சாறு நிமிஷத்துல எழுதினது மனசுல இருக்கும். அதோட ஒப்பிட்டா புதுசு மெதுவாத்தான் தெரியும். பஸ் வேற, ஷேர் ஆட்டோ வேற.

அந்த 8எக்ஸும் முழு நேரமும் இருக்காது. டிஸ்க் நடுவிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி எழுதப்படுது. பல ரைட்டர்கள் நடுவில மூணு நாலு எக்ஸ்ல ஆரம்பிச்சு, ஓரத்துக்குப் போகும்போதுதான் 8எக்ஸைத் தொடும். ஆரம்பத்துல டிஸ்கைப் பரிசோதிக்க, கடைசியில டிஸ்கை மூட, தனியா ஒண்ணு ரெண்டு நிமிஷம். எல்லாம் சேர்த்து முழு டிஸ்க் பத்து, பன்னிரண்டு நிமிஷத்துல முடிஞ்சா உங்க ரைட்டர் நல்லா இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. அதை மாத்த ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாதீங்க.

இருபது நிமிஷம் ஆகுதா? எழுதி முடிச்சதும் சரிபார்க்கிற "வெரிஃபை" டிக் போட்டிருக்கான்னு பாருங்க. எழுதின அத்தனையையும் திரும்பப் படிச்சுப் பார்க்கிறதால நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கஸ்டமருக்குக் கொடுக்கிற டிஸ்கா இருந்தா அந்த டிக்கை எடுக்கவே எடுக்காதீங்கன்னு சொல்வேன். நேரம் மிச்சம் பண்ணப்போய், மாப்பிள்ளை வீட்டுல டிஸ்க் பாதியில நின்னுச்சுன்னா அந்தப் பேரை எந்த ரைட்டரும் மீட்டுத் தராது.

அரை மணிக்கு மேல போனாத்தான் உண்மையிலேயே ஏதோ இருக்கு. ஒரு மணி நேரத்தைத் தாண்டினா அது என்னன்னு கிட்டத்தட்ட ஊகிச்சுடலாம். அதுக்குக் கீழே வர்றேன்.

எழுதுறது எழுதுறதுதானா?

என் சித்தி பையன் ஒருத்தன் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். லீவு நாள்ல காதுகுத்து, சீமந்தம், புதுமனைப் புகுவிழான்னு வீடியோ எடுப்பான். ஒருநாள் கடையில நின்னுக்கிட்டே போன் பண்ணினான். "அண்ணா, ஒரு டிஸ்குக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆகுது. கடைக்காரர் இது ஸ்லோ மாடல், டைப்-சி மாடல் எடுங்க, 2,800 ரூபாய்னு சொல்றாரு. எடுத்துடவா?"

"டேய், அந்த ஒரு மணி பத்து நிமிஷத்துல ரைட்டர்ல லைட் எப்போ மினுக்க ஆரம்பிக்குது?"ன்னு கேட்டேன். அவனுக்குத் தெரியலை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னான்: முதல் 55 நிமிஷம் ரைட்டர் சும்மாதான் இருக்கு, கடைசிப் பதினைந்து நிமிஷம்தான் சுத்துது.

விஷயம் புரியுதுங்களா? அவன் கேமராவில எடுத்தது 4கே வீடியோ. சாதாரண டிவிடி பிளேயர்ல ஓடணும்னா அது எம்பெக்-2ங்கிற பழைய வடிவத்துக்கு மாறணும். அந்த 55 நிமிஷமும் லேப்டாப்போட பிராசசர் மாத்திக்கிட்டிருக்கு. ரைட்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 2,800 இல்லை, 28,000 ரூபாய்க்கு ரைட்டர் வாங்கினாலும் அந்த 55 நிமிஷம் அப்படியேதான் இருக்கும்.

அதைவிடக் கொடுமை, பன்னிரண்டு காப்பிக்கும் பன்னிரண்டு தடவை அந்த மாத்துற வேலையை முதல்ல இருந்து ஓட விட்டிருக்கான். 70 நிமிஷம், பன்னிரண்டு தடவை, மொத்தம் 14 மணி நேரம். செய்ய வேண்டியது என்னன்னா, டிவிடி தயாரிக்கிற சாஃப்ட்வேர்ல நேரா டிஸ்குக்கு அனுப்பாம, முதல்ல ஐ.எஸ்.ஓ ஃபைலா லேப்டாப்ல சேமிக்கணும். அப்புறம் அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணினா விண்டோஸ்லயே "பர்ன் டிஸ்க் இமேஜ்"னு இருக்கும், தனி சாஃப்ட்வேர்கூட வேண்டாம். ஒரு தடவை 55 நிமிஷம், அப்புறம் பன்னிரண்டு டிஸ்குக்கும் பதினைந்து பதினைந்து நிமிஷம். மொத்தம் மூணு மணி 55 நிமிஷம். பத்து மணி நேரம் மிச்சம், செலவு பூஜ்யம்.

சும்மா போட்டோ, டாக்குமெண்ட் எழுதுறவங்களுக்கு வேற ஒரு பொறி இருக்கு. காலி டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இந்த டிஸ்கை யு.எஸ்.பி ஃப்ளாஷ் டிரைவ் மாதிரி பயன்படுத்தணுமா, இல்லை சிடி டிவிடி பிளேயருக்கான டிஸ்காவா? முதல் ஆப்ஷன் ஏற்கெனவே தேர்வாகி இருக்கும், நாம யோசிக்காம நெக்ஸ்ட் அழுத்திடுவோம். பென் டிரைவ் மாதிரி வச்சா, டிஸ்கை முதல்ல ஃபார்மெட் பண்ணி, ஒவ்வொரு ஃபைலா இழுத்துப் போடப் போட எழுதும். சின்னச் சின்ன ஃபைலா ஆயிரக்கணக்குல இருந்தா நத்தை மாதிரி நகரும். பல டிவிடி பிளேயர்ல அந்த டிஸ்க் ஓடவும் செய்யாது. இரண்டாவது ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தா எல்லாத்தையும் சேர்த்து வச்சு ஒரே மூச்சுல எழுதிடும். இந்த ஒரு கிளிக்குலயே பாதிப் பேரோட பிரச்சினை முடிஞ்சுடும்னு நினைக்கிறேன்.

அடுத்தது, புது லேப்டாப்புக்கே உரிய ஒண்ணு. விண்டோஸ் 11 செட்டப்ல சரி சரின்னு அழுத்தினதுல, உங்க டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர் எல்லாம் ஒன்டிரைவோட இணைஞ்சிருக்கலாம். ஃபைல் பக்கத்துல சின்ன மேகப் படம் இருக்கா பாருங்க. இருந்தா அந்த ஃபைல் உங்க லேப்டாப்ல இல்லை, மேலே கிளவுட்ல இருக்கு. நீங்க பர்ன் பண்ணும்போது அது இன்டர்நெட்ல இருந்து இறங்கி, அப்புறம் டிஸ்குக்குப் போகுது. உங்க வீட்டு வைஃபை வேகம்தான் உங்க ரைட்டர் வேகம். ஃபைலை ரைட் கிளிக் பண்ணி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுங்க, இல்லைன்னா சி டிரைவ்ல தனியா ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே காப்பி பண்ணிட்டு எழுதுங்க. பென் டிரைவ்லயோ மெமரி கார்டுலயோ இருந்து நேரா எழுதுறவங்களுக்கும் இதேதான். முதல்ல லேப்டாப்புக்கு, அப்புறம் டிஸ்குக்கு.

லேப்டாப் வாங்கின முதல் ரெண்டு மூணு நாள் விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், ஃபைல் இன்டெக்ஸிங்னு பின்னாடி ஒரு திருவிழாவே நடக்கும். அந்த நாள்ல எதையும் அளந்து முடிவு எடுக்காதீங்க.

கேபிளும் கரண்டும்

வேகமான போர்ட் வேணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வேண்டாம். 8எக்ஸ் டிவிடிக்குத் தேவை விநாடிக்கு 11 எம்பி. சாதாரண யு.எஸ்.பி 2.0 நடைமுறையில விநாடிக்கு 30 எம்பிக்கு மேல கொடுக்கும். டப்பா மேல யு.எஸ்.பி 3.0, டைப்-சின்னு போட்டிருக்கிறதால எழுதுற வேகம் ஏறவே ஏறாது. நாலு இன்ச் குழாயை பதினாறு இன்ச் குழாயா மாத்தினாலும் மோட்டார் அதே மோட்டார்தானே. அந்த 2,800 ரூபாய் மாடலும் 8எக்ஸ்தான்னு டப்பாவிலேயே சின்ன எழுத்துல போட்டிருந்தது.

ஆனா போர்ட்டோட பவர் முக்கியம். யு.எஸ்.பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப் கொடுக்கணும்ங்கிறது விதி. 3.0 போர்ட்னா 900. டிஸ்க் சுத்தி, லேசரும் முழு பலத்துல எழுதும்போது ரைட்டருக்குச் சில நேரம் ஒரு ஆம்பியர் வரைக்கும் தேவைப்படும். கரண்ட் பத்தலைன்னா ரைட்டர் தடுமாறும், வேகத்தைக் குறைக்கும், நடுவுல நின்னே போகும். சில ரைட்டரோட ரெண்டு தலை வச்ச கேபிள் கொடுக்கிறாங்களே, அது அலங்காரம் இல்லை, ரெண்டு போர்ட்ல இருந்து கரண்ட் எடுக்கத்தான். ரெண்டையும் மாட்டுங்க.

இங்கதான் ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்கு வாங்குற நாலு போர்ட் ஹப் வில்லனா வருது. லேப்டாப்போட ஒரே ஒரு போர்ட் கொடுக்கிற கரண்ட்டை ரைட்டர், மவுஸ், கீபோர்ட், பென் டிரைவ்னு நாலு பேருக்குப் பங்கு போடுது. ஹப்பைக் கழட்டிட்டு ரைட்டரை நேரா லேப்டாப்ல மாட்டுங்க, முடிஞ்சா உள்ளே நீல நிறம் இருக்கிற போர்ட்ல. சார்ஜரும் போட்டிருக்கட்டும். கேபிள் கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா வேற ஒரு நல்ல, குட்டையான கேபிள் போட்டுப் பாருங்க.

மேலே ஒரு மணி நேரக் கணக்குச் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா? ஹப்போ கேபிளோ சரியில்லாதப்போ, ரைட்டர் பழைய யு.எஸ்.பி 1.1 வேகத்துக்கு இறங்கிடும் வாய்ப்பு இருக்கு. அது விநாடிக்கு 12 மெகாபிட், நடைமுறையில ஒரு எம்பி பக்கம்தான். டிவிடி 1எக்ஸைவிடக் குறைவு. ஒரு முழு டிஸ்குக்கு முக்கால் மணி, ஒரு மணி இல்லை, அதுக்கும் மேல போகும். "இந்தச் சாதனம் இன்னும் வேகமா இயங்க முடியும்"ங்கிற மாதிரி விண்டோஸ் கீழே மூலையில ஒரு செய்தி காட்டும். அதை க்ளோஸ் பண்ணிட்டு நாம வேலையைப் பார்ப்போம். அடுத்த தடவை படிங்க.

அந்த இருபது ரூபாய்

இதுவரைக்கும் ஒரு பைசா செலவு இல்லை. இப்போ கொஞ்சம் செலவு பண்ணலாம்: வேற பிராண்ட் டிஸ்க் ரெண்டே ரெண்டு வாங்குங்க. ஐம்பது டிஸ்க் டப்பா வேண்டாம்.

ஏன்னா ஒவ்வொரு டிஸ்குலயும் அதை யார் தயாரிச்சாங்கன்னு ஒரு கோடு பதிஞ்சிருக்கும். ரைட்டர் முதல்ல அதைப் படிச்சு, "ஓ, இந்த டிஸ்கா, இதுக்கு இவ்வளவு லேசர் பவர், இவ்வளவு வேகம்"னு தன் நினைவுல இருக்கிற பட்டியலைப் பார்த்து முடிவு பண்ணும். பட்டியல்ல இல்லாத டிஸ்க்னா பயந்து பயந்து குறைஞ்ச வேகத்துல எழுதும். மேலே 16எக்ஸ்னு அச்சடிச்ச மலிவு டிஸ்க் 4எக்ஸைத் தாண்டாம இருக்கிறது இதனாலதான். அழிச்சு எழுதுற ஆர்.டபிள்யூ டிஸ்க் போட்டிருந்தீங்கன்னா அதோட வேகமே இயல்பா குறைவு. 8.5 ஜிபி டூயல் லேயர் டிஸ்கும் அப்படித்தான். 2.4எக்ஸ்ல எழுதினா முக்கால் மணி நேரம் கிட்ட ஆகும், அது நியாயமான நேரம்தான்.

நல்ல டிஸ்க் கிடைக்கிறதே இப்போ கஷ்டமாயிட்டு வருதுங்கிறதையும் சொல்லணும். மோசர் பேர் ஞாபகம் இருக்கா? நம்ம ஊர்ப் படங்களைக்கூட மலிவு விலை டிஸ்கா வித்தாங்களே. உலக அளவுல பெரிய டிஸ்க் தயாரிப்பாளரா இருந்த அந்த இந்தியக் கம்பெனி 2018-ல கலைப்புக்குப் போயிடுச்சு. சோனி 2025 பிப்ரவரியில எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திடுச்சு. கடையில இருக்கிறது எந்த வருஷத்துச் சரக்குன்னு தெரியாது. அதனால பழைய, வெயில்ல காய்ஞ்ச ஸ்டாக்கை "ஆஃபர்"ல அள்ளாதீங்க. ரெண்டு வாங்கி, எழுதி, வெரிஃபை ஆகி, வீட்டு பிளேயர்லயும் ஓடினா அதே பிராண்டை வாங்கிக்குங்க. வேகத்தை 4எக்ஸ் அல்லது 6எக்ஸ்ல வச்சாலே போதும்.

கேட்காம விட வேண்டிய அறிவுரைகள்

இன்டர்நெட்ல தேடினா முதல்ல வர்றது "டிவைஸ் மேனேஜர்ல போய் பயோ மோடை டி.எம்.ஏ மோடா மாத்துங்க"ங்கிற வைத்தியம். அது பொய் இல்லை. எக்ஸ்பி, விஸ்டா காலத்துல ஐ.டி.இ கேபிள்ல ரைட்டர் இருந்தப்போ, டேட்டா அனுப்புறதுல தொடர்ந்து பிழை வந்தா விண்டோஸ் தானாவே மெதுவான பயோ மோடுக்கு இறங்கிடும். அந்தச் சேனலை டிவைஸ் மேனேஜர்ல நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகும். தாத்தா காலத்து லேப்டாப்பை செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருந்தா முயற்சி பண்ணுங்க. நேத்து வாங்கின லேப்டாப்ல யு.எஸ்.பி வழியா மாட்டின ரைட்டருக்கு அதுல வேலையே இல்லை.

"டிரைவர் அப்டேட் பண்ணித் தர்றோம், 500 ரூபாய்"னு கடையில சொன்னா, வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. டிவிடி ரைட்டருக்கு விண்டோஸ்ல ஏற்கெனவே இருக்கிற பொது டிரைவரே போதும். "டிரைவர் பூஸ்டர்", "பிசி ஸ்பீட் அப்"னு வருஷ சந்தா கேட்கிற சாஃப்ட்வேர் எல்லாம் அதே கதை. ரைட்டருக்குள்ள இருக்கிற ஃபர்ம்வேர் அப்டேட் மட்டும் சில நேரம் உண்மையிலேயே உதவும், புது டிஸ்க் வகைகளை அந்தப் பட்டியல்ல சேர்த்துக்கும். கம்பெனி சைட்ல இருந்தா இலவசம். ஆனா அது ஓடும்போது கரண்ட் போனாலோ கேபிள் ஆடினாலோ ரைட்டர் செங்கல் ஆயிடும். வேற எல்லாம் சரியா இருக்கும்போது அதைத் தொட வேண்டாம்ங்கிறது என் கருத்து.

எக்ஸ்டெண்டட் வாரண்டி விக்கிறவங்க இந்தப் பிரச்சினையை நல்லா பயன்படுத்திக்கிறாங்க. "பாருங்க, இப்பவே ஸ்லோ ஆகுது, நாளைக்கு என்ன ஆகும்?" எக்ஸ்டெண்டட் வாரண்டி வேணுமா வேண்டாமாங்கிறது தனி விவாதம். ஆனா தனியா வாங்கின ரைட்டர் லேப்டாப் வாரண்டிக்குள்ளயே வராது. அதோட பில், அதோட வாரண்டி தனி. அதைக் காட்டி இதை விக்கிறது நியாயமே இல்லை.

உண்மையாவே கெட்டுப் போயிருந்தா

இத்தனையும் பண்ணியாச்சு. ஃபைல் லேப்டாப்ல இருக்கு, நேரடி போர்ட், வேற கேபிள், ரெண்டு பிராண்ட் டிஸ்க். அப்பவும் முழு டிஸ்குக்கு அரை மணிக்கு மேல ஆகுது, இல்லைன்னா நடுவுல பிழை வந்து டிஸ்க் வீணாகுது. இன்னொரு சோதனை பண்ணுங்க: ரைட்டரை நண்பரோட லேப்டாப்ல மாட்டி எழுதுங்க. அங்கேயும் அதே கதைன்னா ரைட்டர்தான் குற்றவாளி. அங்கே ஒழுங்கா எழுதினா உங்க லேப்டாப்போட போர்ட்டைச் சந்தேகப்படுங்க. அது லேப்டாப் வாரண்டியில வரும், சும்மா விடாதீங்க.

இந்த இடத்துல தேதிதான் பணம். ஆன்லைன்ல வாங்கினதுன்னா மாத்திக் கொடுக்கிற அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். உங்க ஆர்டர் பக்கத்துல கடைசித் தேதி போட்டிருக்கும், அதை மொபைல் காலண்டர்ல ஏத்துங்க. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு விட்டா, முழுசா புதுசு கிடைக்க வேண்டியது, சர்வீஸ் சென்டருக்கு ரெண்டு தடவை ஆட்டோவுல அலையற வேலையா மாறிடும். ஸ்டாப்வாட்ச் நேரம், பிழைச் செய்தியோட ஸ்கிரீன்ஷாட், வீணான டிஸ்க் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்குங்க. "ஸ்லோவா இருக்கு"ன்னு சொன்னா "அப்படித்தான் சார் இருக்கும்"னு பதில் வரும். "8எக்ஸ்னு டப்பாவில இருக்கு, ரெண்டு லேப்டாப்ல, ரெண்டு பிராண்ட் டிஸ்க்ல 48 நிமிஷம் ஆகுது"ன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

லேப்டாப் வாங்கும்போது "ரைட்டர் ஃப்ரீ"ன்னு கடையில கொடுத்திருந்தா, அது பில்லுல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. மாடல் பேரும் சீரியல் நம்பரும் பில்லுல இல்லைன்னா வாரண்டி கேட்கிறப்போ மல்லுக்கட்டணும். ஃப்ரீ பொருளா இருந்தாலும் எழுதி வாங்குங்க.

மாத்தித் தர மாட்டேன்னு அடம்பிடிச்சா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் தளங்களுக்கு 2020-ல வந்த இ-காமர்ஸ் விதிகள்படி ஒரு குறைதீர் அதிகாரி இருக்கணும். உங்க புகாரை 48 மணி நேரத்துல ஏத்துக்கிட்டதா தெரிவிக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அதுக்கும் மேல போனா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கு அங்கே புகார் கட்டணம் கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் ரைட்டருக்கு அவ்வளவு தூரம் போவீங்களான்னு கேட்டா, பெரும்பாலும் போக வேண்டி வராது. மெயில்ல 1915 பேரைப் போட்டாலே சில பேருக்கு வேகம் வந்துடும்.

"என் நேரத்துக்கு விலை இல்லையா?"

நியாயமான கேள்வி. மாசம் 30,000 சம்பளம், 25 நாள், எட்டு மணி நேரம்னு வச்சா ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபாய். ஒல்லி ரைட்டருக்கும் டெஸ்க்டாப் ரைட்டருக்கும் ஒரு டிஸ்குக்கு நாலஞ்சு நிமிஷம்தான் வித்தியாசம். மாசம் நாற்பது டிஸ்க் எழுதினாக்கூட மூணு மணி நேரம், 450 ரூபாய். அதுவும் நீங்க உட்கார்ந்து உழைக்கிற நேரம் இல்லை. அது பாட்டுக்குச் சுத்தும், நீங்க துணி காயப் போடலாம், அடுத்த வீடியோவை வேற கம்ப்யூட்டர்ல வெட்டலாம். (அதே லேப்டாப்ல வெட்டாதீங்க, எழுதுறது இன்னும் மெதுவாகும்.) மாசம் நாலு டிஸ்க் எழுதுறவருக்கு வேகமான ரைட்டர்ங்கிறது கணக்குலயே வராது.

மாசம் நூறு, இருநூறு டிஸ்க் போகுதுன்னா மட்டும் கதை வேற. அப்பவும் ரைட்டர் வாங்குறதைவிட, காப்பி போட்டுக் கொடுக்கிற கடையில ஒரு டிஸ்குக்கு என்ன கேட்கிறாங்கன்னு விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. முக்கியமா, டிஸ்குக்கான காசை கஸ்டமர் கிட்ட தனியா வாங்குங்க. பென் டிரைவ்ல கொடுத்தா இவ்வளவு, டிவிடி வேணும்னா ஒரு காப்பிக்குக் கூட இவ்வளவுன்னு அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிடுங்க. என் சித்தி பையன் இப்போ அப்படித்தான் சொல்றான். போன மாசம் எடுத்த மூணு ஃபங்ஷன்ல ரெண்டு வீட்டுக்காரங்க பென் டிரைவே போதும்னுட்டாங்க. மூணாவது வீட்டுப் பாட்டிக்காக ரெண்டு டிஸ்க், அதே பழைய ரைட்டர்ல, ஹப் இல்லாம.